பெயிண்ட் அடித்த பம்பும் ஒரு ஆணியும்

போன மாதம் சுமதி போன் செய்தார். சிதம்பரம் ஸ்டோரில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர் அவர்தான்.

"அண்ணே, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தார். அப்படிக் கேட்டுவிட்டு ஒருவர் சற்று நிறுத்தினால் பின்னால் ஒரு தலைவலி வருகிறது என்று அர்த்தம்.

"இப்ப பராமரிப்பு எல்லாம் ஆப்புல ஏத்தணும்ணே. எஞ்சின நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும். சுத்தமா தெரியலன்னா செவப்பு காட்டி திருப்பி அனுப்பிடுது. நம்ம பழைய பம்பு மூணு தடவ திரும்பி வந்துடுச்சி. நல்லாதான் ஓடுது. ஆனா பாக்க கரியடுப்பு மாதிரி இருக்குது. பேசாம ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சி வுட்றலாமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பொதுவாகவே வராது. அன்று கொஞ்சம் கூடுதலாக வரவில்லை. "எழுதித் தரேம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துதான் உட்கார்ந்தேன்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. காது மந்தமானதால் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நான் யாரிடமும் அதிகம் பேசாதவன் என்பதால், எனக்குக் காது கேட்கவில்லை என்பதையே ஆபீசில் வெகுநாள் கண்டுபிடிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது என் சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம் பக்கம். வீட்டில் கரும்பு. பத்தாவது முடித்ததும் தாய்மாமன் கடையில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர், பெட்ரோல் பம்புசெட் எல்லாம் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டேன். பிரித்தால் பாராட்ட மாட்டார், மாட்டினாலும் பாராட்ட மாட்டார். ஓடினால் மட்டும் டீ வரும். மூன்று வருடம் இப்படிப் போனது. பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்து, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில் உதவியாளராகச் சேர்ந்தேன்.

எந்தத் துறை என்று எழுதப்போவதில்லை. மழை வந்தால் தண்ணீர் இறைக்கவும், மரம் விழுந்தால் அறுக்கவும் தேவையான எஞ்சின்களை வைத்திருந்த ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கார்த்திகை வந்தால் வானத்தைப் பார்ப்பவர்கள் பாதிப்பேர், எங்கள் ஸ்டோரைப் பார்ப்பவர்கள் பாதிப்பேர்.

பெட்ரோலில் ஓடி, காற்றில் குளிரும் சின்ன எஞ்சின் மிகவும் சாதுவானது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பக்கம் ஒரு மூடி இருக்கும். அதில் சல்லடை போல ஓட்டைகள். உள்ளே சக்கரம் சுற்றும்போது அதன் இறக்கைகள் அந்த ஓட்டைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடு வரிகள் மேல் அடிக்கும். சூடு போய்விடும்.

அதற்குச் செய்ய வேண்டிய பணிவிடையும் சின்னதுதான். எஞ்சினைச் சமதரையில் வைத்து, எண்ணெய்க் குச்சியைத் துடைத்து, மரை சுற்றாமல் சும்மா செருகி எடுத்து மேல்கோடு வரை எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றுவதாக இருந்தால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். ஆறினால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். ஏர்ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும். பிளக்கைத் துலக்கி, வாயில் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டை கட்டி வைப்பதற்கு முன்னால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் பிசினாகி, அடுத்த மழைக்குக் கயிறு இழுப்பவனின் தோள்பட்டை இறங்கிவிடும். கடைசியாக, அந்தச் சல்லடையிலும் தகடு வரிகளிலும் தூசு அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு பதிவேடு இருந்தது. தேதி, எண்ணெய், பெட்ரோல், இயங்கியதா, கையொப்பம் என்று கட்டங்கள். மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் எழுதிவிடுவது வழக்கம். இந்த மாதம் முழுவதும் எஞ்சின் நன்றாக இருக்கும் என்பது ஒன்றாம் தேதியே எங்களுக்குத் தெரிந்துவிடும். சல்லடைக்கு அதில் கட்டம் இல்லை.

கட்டம் இல்லாத இன்னொன்றுக்குத்தான் ஸ்டோரில் எல்லாவற்றையும் விட மரியாதை. அது பெயிண்ட். வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். வருகிறவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னதை நான் பார்த்ததில்லை. சத்தம் வரும், புகை வரும், வெள்ளைச் சட்டை. எனவே பார்வைக்குத் தயாராக வைத்தால் போதும். ஒரு சூப்பிரண்டு காலத்தில் சாம்பல் நிறம், அடுத்தவர் காலத்தில் நீலம். பிறகு வந்த தணிகாசலம் சார் பச்சை.

தணிகாசலம் சார் நல்ல மனிதர். யாரையும் அதட்டியதில்லை. காலையில் வந்ததும் கைக்குட்டையை நான்காக மடித்து, பம்பின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். கைக்குட்டையைப் பார்ப்பார். கறை இருந்தால் ஒன்றும் சொல்லாமல் எங்களிடம் காட்டுவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஒருமுறை கலியமூர்த்தி மட்டும் கேட்டுவிட்டான். "எஞ்சின்னா எண்ணெ இருக்கத்தானே சார் செய்யும்?"

"உள்ள இருக்கட்டும்பா. வெளிய அதுக்கு என்ன வேலை?"

கலியமூர்த்தி கடலோரக் கிராமத்து ஆள். மீன்பிடிக் குடும்பம். அப்பாவின் படகை விட்டுவிட்டு எங்களிடம் தினக்கூலிக்கு வந்தவன். பெரும்பாலும் மரம் அறுக்கும் பக்கம்தான் போவான். பல வருடங்களாக நிரந்தரம் ஆகும் ஆகும் என்று காத்திருந்தான். எனக்கு முறை எதுவும் இல்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிக்கொள்வான்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்னால் பிரஷ்ஷால் இரண்டு கை பெயிண்ட் அடிப்பார்கள். அது சல்லடை ஓட்டைகளிலும் இறங்கி உறைந்துவிடும். எனவே ஆய்வு முடிந்த மறுநாள், சார் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில், சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிடுவேன். சாம்பலுக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பச்சை என்று பொடி உதிரும். எந்த அதிகாரி எத்தனை வருடம் இருந்தார் என்று அந்தப் பொடியை வைத்தே சொல்லிவிடலாம். கூட்டி அள்ளிவிட்டுக் கை கழுவிக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. தணிகாசலம் சாரிடம் மட்டும் ஒரு தடவை ஆரம்பித்தேன்.

"சார், அந்தப் பெயிண்ட்டு..."

"ஆமாம்பா, இந்தத் தடவ ஒஸ்தி பெயிண்ட்டு. பளிச்சினு இல்ல?"

"இருக்குது சார்."

பராமரிப்பைப் பற்றி ஒரு மேலதிகாரியோடு நான் நடத்திய நீண்ட உரையாடல் அதுதான்.

பிறகு என்னைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். சின்ன ஸ்டோர், ஒரே ஒரு பம்பு. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள். தரிசனம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே ரயிலுக்கு நேரமாகிவிடும். அதனால் அந்தப் பம்புக்குப் பெயிண்ட் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. கறுத்து, எண்ணெய் படிந்து, பார்ப்பவர்கள் ஒதுங்கிப் போகும்படி இருந்தது. ஓட்டைகள் மட்டும் திறந்திருந்தன.

நான் போன பிறகு மூன்று வருடம் மழை பொய்த்து, பம்புகளுக்கு எங்கேயும் வேலை வரவில்லை. நான்காம் வருடம் பிடித்துக்கொண்டது. அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் கீழ்த்தளம் இடுப்பளவு மூழ்கிவிட்டது. பிள்ளைகள் சர்டிபிகேட் ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார்கள். காலை எட்டு மணிக்கே எங்கள் கறுப்புப் பம்பை லாட்ஜின் பின்பக்கம் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று போதாது என்று கடலூரிலிருந்து இன்னொன்று அனுப்பினார்கள்.

வண்டியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வந்தது, எங்கள் பழைய பச்சைப் பம்பு. கூடவே தணிகாசலம் சார். பம்பு ஓட்ட கலியமூர்த்தி. அந்த வாரம்தான் நிரந்தரப் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. தாளைப் பிரித்ததும் மழை வெளிச்சத்திலும் பம்பு கண்ணைப் பறித்தது.

"பாத்தியா மச்சான், நம்ம பொண்ண" என்று தூரத்திலிருந்து கத்தினான். "நேரா மணமேடைக்கு அனுப்பிருக்காரு. உன்னுது என்னா, அடுப்படியிலேந்து எழுந்து வந்துதா?"

நான் ஓட்டைகளை நினைத்துக்கொண்டேன். ஆணி சட்டைப்பையில்தான் இருந்தது. ஐம்பது அடி நடந்தால் போதும். ஆனால் பம்பின் மேல் கை வைத்தபடி சார் நின்றிருந்தார். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் நகரட்டும், போய்க் குத்திவிடலாம் என்று நின்றேன். சார் நகரவில்லை. கலியமூர்த்தி குச்சியை உருவி எண்ணெய் பார்த்தான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஓடத்தான் ஓடுகிறதே என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் ஓடியது. முதலில் புதுக்கதவு வாசனை வந்தது. பிறகு கருகல் வாசனை. பிறகு 'க்றக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. கலியமூர்த்தி கயிற்றை இழுத்தான், வரவில்லை. காலை வைத்து இழுத்தான், வரவில்லை.

"மச்சான், இறுகிடுச்சி."

தணிகாசலம் சார் ஓடி வந்து குனிந்து பார்த்தார். "அய்யய்யோ, பெயிண்ட்டு கருகிப்போச்சேப்பா" என்றார்.

கறுப்புப் பம்பு சாயங்காலம் வரை ஓடித் தண்ணீரை இறைத்து முடித்தது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் 'மீட்புப் பணியில்' என்று பச்சைப் பம்பின் படம்தான் போனது. அதையும் குறை சொல்ல முடியாது. படத்துக்கு அதுதான் நன்றாக இருந்தது.

விசாரணைக்கு ஒரு பொறியாளர் அம்மா வருவதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் சார் என்னைத் திருப்பாதிரிப்புலியூருக்கு வரச்சொல்லி, தட்டச்சு செய்த ஒரு தாளைக் காட்டினார். எண்ணெய் அளவைச் சரிபார்க்காமல் இயக்கியதால் எஞ்சின் இறுகிவிட்டது, இயக்கியவர் கலியமூர்த்தி என்று அதில் இருந்தது. சம்பவ இடத்தில் இருந்த தொழில்நுட்பம் தெரிந்தவர் என்று கீழே என் பெயர்.

"அவன் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்லப்பா" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "யாராவது ஒருத்தர் பேரு எழுதணும். பம்பு பேர எழுத முடியாதுல்ல. பதிவேட்டுல பாரு, முப்பது நாளும் நல்லா இருந்துருக்குது."

பார்த்தேன். மழை பெய்த நாளில் எஞ்சின் 'நன்கு இயங்கியது' என்று இருந்தது. அதற்கடுத்த நான்கு நாளும்கூட நன்கு இயங்கியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் வாய் வராமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே டீக்கடையில் கலியமூர்த்தி காத்திருந்தான். கிளாஸை என் பக்கம் தள்ளினான்.

"எண்ணெ பாக்கலன்னு எழுதிருக்காங்களாமே. கடல்ல எஞ்சின் நின்னா ஓரங்கட்டி மெக்கானிக்க கூப்ட முடியுமா மச்சான்? எண்ணெ பாக்காம கயித்த தொடுவனா நானு? எங்கப்பன் அடிச்ச அடியில கத்துகினது அது. குச்சி முழுக்க எண்ணெ இருந்துது. அதுக்கென்னா, அப்புறமா நீயே ஊத்திருப்பன்றாரு சாரு."

அப்போதுதான் நான் சொன்னேன். ஓட்டை, காற்று, பெயிண்ட், ஆணி. நாலு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவன் தன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"எங்க படகு எஞ்சினுக்குக் கடல் தண்ணியே உள்ள போய்ட்டு வரும். இதுக்குக் காத்து போற வழி அந்தப் பக்கம்னு எனக்கு எப்டி தெரியும்? நீ ஒரு வார்த்த சொன்னியா? வருஷக்கணக்கா ஊமையாட்டம் குத்திகினு இருந்துருக்க. பட்டியல்லேந்து என் பேரு போச்சின்னா இந்த வயசுல திரும்ப வலைக்குத்தான் போவணும். தம்பிங்க சிரிப்பானுங்க." டீயைக் குடித்து முடித்தான். "நாளைக்குப் பேசுவியா?"

"ம்" என்றேன்.

"சரி. உன்ன நம்பி ஒரு 'ம்' வாங்கிகினு போறேன்" என்று எழுந்து போனான்.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் மேசை போட்டு அந்த அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் தணிகாசலம் சார். எதிரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுப் பச்சைப் பம்பு. கலியமூர்த்தி கைகட்டி நின்றான்.

"நீங்கதான அங்க இருந்தீங்க? எண்ணெய் இருந்துதா இல்லையா? சொல்லுங்க" என்றார் அம்மா.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். சரி, வாய்தான் ஓடவில்லை, கை ஓடும் என்று தோன்றியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். பம்பின் கயிறு மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த கயிற்றுச் சக்கரத்தைப் பிரித்து வைத்தேன். மூடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கயிறு வரும் ஓட்டையை மட்டும் கட்டைவிரலால் அடைத்து, மூடியைக் கிண்ணம் போலப் பிடித்துத் தண்ணீர் நிரப்பினேன்.

அங்கேதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சொட்டுச் சொட்டாகவாவது ஒழுகும் என்றுதான் நினைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றேன்.

"தண்ணி கேட்டாங்களா?" என்றார் தணிகாசலம் சார் பதறி. "டம்ளர் இருக்குதேப்பா."

"மேடம்" என்றான் கலியமூர்த்தி. "அது சல்லட மேடம். அதுல தண்ணி நிக்கவே கூடாது. எஞ்சின் மூச்சு வுடற வழி அதுதான்."

அம்மா தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னார். மூடியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓட்டை இருந்த தடமே தெரியவில்லை. பேனா முனையால் சுரண்டினார். பச்சைக்கு அடியில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"இது என்ன சார்? பெயிண்ட் மாதிரி இல்லையே."

"பட்டி மேடம்" என்றார் தணிகாசலம் சார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "இந்தத் தடவ வீடுங்களுக்கு அடிக்கிற பெயிண்டர வெச்சோம். ஓட்டை ஒடசல் எல்லாம் பட்டி பாத்து, தேச்சி, அப்புறம்தான் அடிச்சாரு. பட்டி பாத்தாதான் ஃபினிஷிங் வரும்."

ரயிலடியில் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது, அல்லது எனக்குக் கேட்டது போல இருந்தது.

அம்மா கேட்டார். "முன்னாடியும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. அப்பல்லாம் எப்படி ஓடிச்சு?"

சாருக்குத் தெரியவில்லை. நான் சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்து மேசைமேல் வைத்தேன். முனையில் மூன்று நிறமும் ஒட்டியிருந்தது.

"எத்தனை வருஷமா?"

"பதினாறு" என்றேன். விசாரணையில் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். என் பையில் இருந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

விசாரணை அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. கலியமூர்த்தி மேல் தவறு இல்லை. பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது, சித்திரைக்குள் நிரந்தரம் ஆகிவிட்டான். எஞ்சின் பழுதானதற்குக் காரணம் 'மிகையான பராமரிப்பு' என்று எழுதியிருந்தார்கள். தணிகாசலம் சார் அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்பவும் நெகிழ்ந்து போனார். ஓய்வு பெற்ற நாளில், என் காலத்தில் பராமரிப்பு குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை, அதிகம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினோம்.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. மெமோ. அனுமதி பெறாமலும் பதிவேட்டில் பதியாமலும், ஸ்டோருக்குச் சொந்தமான எஞ்சினின் மேற்பூச்சைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கூரிய ஆயுதத்தால் சேதப்படுத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'காற்று போவதற்காக' என்று எழுதிக் கொடுத்தேன். கூரிய ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். பிறகு மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

ஓய்வு பெற்று வரும்போது என் பணிக் கோப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். எண்ணெய் மாற்றியது, பிளக் துலக்கியது, பஞ்சு அலசியது எதுவும் அதில் இல்லை. பதிவேட்டில் உள்ளவை ஒன்றாம் தேதியே எழுதியவை, அவற்றைக் கணக்கில் எடுக்க எனக்கே மனம் வரவில்லை. நான் ஒரு எஞ்சினைப் பதினாறு வருடம் பராமரித்தேன் என்று அரசு முத்திரையோடு சொல்லும் காகிதம் அந்த மெமோ ஒன்றுதான்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நேற்று சுமதியைக் கூப்பிட்டேன்.

"பெயிண்ட் அடிக்காதம்மா" என்றேன். "மண்ணெண்ணெய்ல துடைச்சி போட்டோ எடு. அப்புறம் சல்லடைய ஒரு ஆணியால குத்தி வுட்டு, அதையும் கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து ஏத்து. மறைச்சி செய்யாத. நான் அதுலதான் தப்பு பண்ணேன்."

நான் இவ்வளவு பேசியதில் சுமதிக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். "அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். பிறகு, "ஆப்புல சல்லடைக்குக் கட்டம் இல்லியேண்ணே. ஆணியோட போட்டோ போட்டா மெமோ கிமோ குடுத்துடப் போறாங்க" என்றார்.

"குடுத்தா வாங்கி பத்திரமா வெச்சிக்க" என்றேன். "வேலை செஞ்சதுக்கு வேற அத்தாட்சி கெடைக்காது."